வராதே என்று எழுதிய மூன்று கடிதங்கள்

மகன்,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இன்று சனிக்கிழமை. ஐந்து நாளாக இந்த மேசைக்கு முன்னால் இருந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். தை மாதம் கொழும்பில் கல்யாணம், அதற்கு முன்னர் ஒரே ஒரு நத்தாரை வீட்டில் கழிக்க வேண்டும், இருபத்துநாலாம் திகதி பஸ்ஸில் வந்து இறங்குவேன், இந்த முறையும் வேண்டாம் என்று எழுதாதீர்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய். கொழும்பிலும் இப்போது பயம்தான், அந்தப் பயத்தை வீட்டில் இருந்துகொண்டு படுகிறேனே என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ போன பிறகு மூன்று நத்தார் வந்து போய்விட்டது. மூன்று தடவையும் வரட்டுமா என்று கேட்டாய். மூன்று தடவையும் வராதே என்று எழுதினேன். பாதை சரியில்லை என்றேன். ஊரடங்கு என்றேன். போன வருடம் தேவாலயத்தில் ஆராதனைகூட நடக்காதாம் என்று எழுதினேன். அது பச்சைப் பொய். ஆராதனை நடந்தது. நான் முன் வரிசை வாங்கில் நின்று தொண்டை கிழியப் பாடினேன்.

இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். அச்சகத்தில் வேலை நேரத்தில் பிரிக்காதே, அறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசி. வருவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னர் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் அதுவும் பழைய கடிதங்களோடு சேர்ந்துவிடும்.

முதலாவது, உன் தகப்பன் ஒரு பயந்தாங்கொள்ளி. முப்பத்துநாலு வருடம் பிரம்போடு வகுப்பில் நின்ற கணக்கு மாஸ்டரைக் கண்டு ஊர்ப் பிள்ளைகள் நடுங்கினார்கள். அந்த மாஸ்டர் உள்ளுக்குள் நடுங்கியது ஒருவருக்கும் தெரியாது. சூறாவளி அடித்த வருடம் உனக்குப் பன்னிரண்டு வயது. கூரைத் தகடுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்தபோது உன்னையும் அம்மாவையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பயப்படாதே, பயப்படாதே என்று கத்திக்கொண்டே இருந்தேன். அது உனக்குச் சொன்னது என்று நீ இத்தனை வருடமும் நினைத்திருப்பாய். எனக்கு நானே சொன்னது மகன். காற்று அடங்கியதும் நம்மைத் தேடி வந்த முதல் ஆள் பக்கத்து வளவு உதுமாலெவ்வை காக்கா. சைக்கிள் திருத்துகிற மனிதர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேலால் ஏறி வந்து, "மாஸ்டர், உசிரோட இரிக்கீங்களா?" என்று கூப்பிட்டார். அவர் வீட்டுக்கு அரைக் கூரை மிஞ்சியிருந்தது. அந்த அரைக் கூரையின் கீழ் இரண்டு குடும்பமும் ஒன்பது நாள் இருந்தோம். அடுத்த மாதம் நத்தார் வந்தபோது நம் பக்கத்தில் ஒரு கோழி உயிரோடு இல்லை. காக்கா சம்மாந்துறைக்குச் சைக்கிள் மிதித்துப் போய், ஹேண்டிலில் ஒரு சேவலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். நத்தார் கறி இல்லாமல் போகக்கூடாது என்பதில் நம்மைவிட அவருக்குத்தான் அக்கறை.

அந்தக் கறியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். நம் வீட்டு வருடம் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். தை முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. மாசி பங்குனியில் வயல் அறுத்ததும் அறுவடைத் திருவிழா, தேவாலயம் முழுக்கப் பூசணிக்காயும் வாழைக்குலையும். பிறகு தபசுகாலம், நாற்பது நாள் இறைச்சி இல்லை, உன் முகத்தைப் பார்க்க முடியாது. ஈஸ்டர் கழிந்ததும் அம்மா அடைக்கு முட்டை வைப்பாள். கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிற மாதங்களில் அந்தக் குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் காப்பாற்றுவது உன் வேலை. மழை பிடிக்கிற நேரம் சேவல்கள் கூவத் தொடங்கும். மார்கழி இருபத்துநாலாம் திகதி காலையில் நாலு சேவலின் கால்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு, வேலியில் ஆள் நுழைந்து போக விட்டிருந்த கடப்பால் நான் காக்காவின் வளவுக்குப் போவேன். அவர் பிஸ்மி சொல்லி அறுத்துத் தருவார். நாம் எப்படி அறுத்தாலும் தின்னுகிற ஆட்கள். அவர்கள் அப்படி இல்லை, அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுக்காத இறைச்சி அவர்களுக்கு ஹறாம். நத்தார் அன்று ஒரே சட்டிக் கறியை இரண்டு வீடும் தின்ன வேண்டும் என்பது உன் அம்மா கல்யாணம் முடித்து வந்த வருடமே போட்ட சட்டம். இருபத்தைந்தாம் திகதி ஆராதனை முடிந்து வந்ததும் பெரிய பீங்கான் நிறையச் சோறும் கறியும் கடப்பால் போகும். அவர்களுடைய பெருநாளுக்கு அதே பீங்கானில் காக்காவின் மனைவி ஆசியா உம்மாவின் வட்டலப்பம் வரும்.

நத்தாரின் அர்த்தம் என்ன என்று ஒவ்வொரு வருடமும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். பெரிய பெரிய விளக்கமெல்லாம் சொல்வார்கள், நானும் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: தேவன் மனிதர் இருக்கிற இடத்துக்கு, அவர்கள் தின்பதைத் தின்ன, அவர்கள் பயப்படுவதற்குப் பயப்பட வந்தார். ஆகவே நாமும் அடுத்த வீட்டார் தின்னக்கூடிய விதமாக நம் சட்டியை அடுப்பில் வைக்கிறோம். இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பிறகு செய்ததைச் செய்ய எனக்கு வெட்கம் வந்திருக்கும்.

நீ போவதற்கு முந்தின வருடம் தமிழர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கமாக ஊர் இரண்டாகியது. நம் ஆட்களின் வீடும் எரிந்தது, அவர்களின் கடையும் எரிந்தது. யார் தொடங்கியது என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை. நம் ஒழுங்கையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடக்கும் நடக்கும் என்று ஒவ்வொரு நாளும் யாராவது வந்து சொன்னார்கள். அப்போதுதான் நான் கடப்பை அடைத்தேன். யாரோ பெடியன்கள் வந்து அடைத்துவிட்டுப் போனார்கள் என்று உனக்குச் சொன்னேன். அது நான்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், காக்கா ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, முட்கம்பியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் அடித்தேன். ஆள் தொழுகையில் நிற்கும்போது அவர் வேலியை அடைத்தவன் உன் தகப்பன். பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆசியா உம்மா ஏதோ கேட்பதும், அதற்குக் காக்கா, "ஆடு மாடு வராம மாஸ்டர் கட்டியிரிப்பார் புள்ள" என்று சொல்வதும் எனக்குக் கேட்டது. நம்மிடம் அப்போது ஆடும் இல்லை மாடும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியே மார்கழி வந்தது. சேவல் நாலும் கொழுத்து நின்றன. இருபத்துநாலாம் திகதி காலையில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முட்கம்பிக்கு முன்னால் நின்றேன். கம்பியைக் கழற்றலாம். கழற்றினால் அடைத்தது நான்தான் என்று ஆகிவிடும். வீதியால் சுற்றிப் போகலாம். போனால் சந்தியைத் தாண்ட வேண்டும். சந்தியின் இந்தப் பக்கம் நம் பெடியன்கள், அந்தப் பக்கம் அவர்களின் பெடியன்கள், இரண்டு பக்கமும் போகிறவன் வருகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் நாலு சேவலோடு அந்த வீட்டுக்குப் போகிற மாஸ்டரைப் பற்றி என்ன கதைப்பார்களோ என்று பயம். நீ தேவாலயத்தில் பாலன் குடில் கட்டப் போயிருந்தாய். நான் கிணற்றடியில் வைத்து நானே அறுத்தேன். பழக்கமில்லாத கை. இரண்டாவது சேவல் அரைக் கழுத்தோடு வளவெல்லாம் ஓடியது, அதற்குப் பின்னால் நானும் ஓடினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வாய்க்குள் சங்கீதம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அம்மா சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப இந்தக் கறி அங்கால போகாது. கேக்கும் பலகாரமும் மட்டும் குடுப்பம். கேட்டா உள்ளதச் சொல்லுவம்" என்றாள். நான் சரி என்றேன். ஆனால் மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இருபது வருடமாகப் போன கறி இந்த வருடம் போகாவிட்டால் நாம் அவர்களை வெறுத்துவிட்டோம் என்று நினைப்பார்கள். வெறுத்துவிட்டோம் என்று நினைத்தால் நாளைக்குப் பிரச்சினை வரும்போது நம் வீட்டைக் காட்டிக் கொடுப்பார்கள். பயந்தவன் மூளை இப்படித்தான் ஓடும் மகன். நானே சட்டியைத் திறந்து, பீங்கானில் போட்டு, துணியால் மூடி உன் கையில் தந்தேன். "காக்கா கேட்டா, சந்தையில முஸ்லிம் ஆள் ஒருத்தர் அறுத்தது எண்டு சொல்லு" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. புதுச் சேர்ட்டோடு, நான் நடக்கப் பயந்த அதே சந்தியால், நான் சொல்லப் பயந்த பொய்யை உண்மை என்று நம்பிக்கொண்டு நீ போனாய். நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணித்தியாலத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து, "காக்கா சந்தோசமா வாங்கினார் அப்பா. நல்லாப் படிக்கச் சொன்னார்" என்றாய்.

இதுதான் நான் உனக்குச் செய்த பெரிய பிழை. ஒரு மனிதனின் மார்க்கத்துக்கு விலக்கான உணவை அவன் வீட்டுக்கு அனுப்பினேன், அதற்கு உன் வாயைப் பாவித்தேன். அம்மாவுக்கு இது கடந்த புதன்கிழமை வரை தெரியாது.

தை மாதம் படையினரின் சுற்றிவளைப்பு வந்தது உனக்கு மறந்திருக்காது. உன் வயதுப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தி, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். அவன் தலையாட்டினால் போச்சு. தாய் தகப்பன்மார் மதிலுக்கு வெளியே நின்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதார்கள். நீ பிறகு ஒருநாள் கேட்டாய், "அப்பா, எல்லாரும் நிண்டாங்க, உங்களத்தான் நான் காணல்ல" என்று. கூட்டத்தில் பின்னால் நின்றேன் என்றேன். நின்றது உண்மை. ஆனால் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் உன்னைப் பார்ப்பதை அந்தச் சாக்குக்காரன் கண்டால், இவன் யாரோ முக்கியமானவன் போல என்று உனக்குத் தலையாட்டிவிடுவான் என்று நினைத்தேன். நீ அவனைத் தாண்டிப் போனதை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, "மாஸ்டர், உங்கட புள்ள தாண்டிட்டான்" என்று தோளில் தட்டிச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். அடுத்த கிழமையே உன்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன்.

ஏற்றியதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். இங்கே இருந்த உன் கூட்டாளிகளில் மூன்று பேரின் வீட்டில் இன்று படம் மட்டும்தான் இருக்கிறது. நத்தாருக்குப் பிந்திய ஞாயிறு நான் பாடம் வாசிக்கும்போதெல்லாம், குழந்தையைத் தேடி ஏரோதின் ஆட்கள் வருகிறார்கள் என்று கனவில் கேட்டு எகிப்துக்கு ஓடின யோசேப்பு நான்தான் என்று எண்ணிக்கொள்வேன். பெரிய ஆறுதலாக இருந்தது. இந்தக் கிழமை அதே அதிகாரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். யோசேப்பு பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கவில்லை, கூடப் போனான். திரும்பிப் போ என்று கேட்டபோது திரும்பினான். அப்போதும் அவனுக்குப் பயம் விடவில்லை, புது ராசாவைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்து வேறு ஊருக்குத்தான் போனான். ஆனால் பயந்துகொண்டே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். இதை அறுபது வருடமாக ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்டிருக்கிறேன். ஓடினது மட்டும்தான் என் காதில் ஏறியிருக்கிறது.

அம்மாவின் கண்ணைப் பற்றி உனக்கு எழுதவில்லை. நீ போன வருடத்திலிருந்தே இரண்டு கண்ணிலும் வெண்படலம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், பாதைக்குப் பயந்து தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது எழுத்து அறவே தெரியாது. உன் கடிதங்களை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் சொல்வதை நான்தான் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது, எழுதித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு கார்த்திகையிலும் நீ வரட்டுமா என்று எழுதியதை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. லீவு கிடைக்காது என்று நீ எழுதியதாக வாசித்தேன். அவள் விடாமல், "கேட்டுப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு நாளைக்கெண்டாலும் வரச் சொல்லுங்க" என்று சொல்லுவாள். நான் ஓம் ஓம் என்றுகொண்டே வராதே என்று எழுதினேன். அவள் எனக்கு எதிரே இருந்து பேனா கடதாசியில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் செய்திருப்பேன். உன் அந்தக் கடைசி வரி விடவில்லை. புதன்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு காக்காவின் கடைக்குப் போனேன். அந்தக் கறிக்குப் பிறகு நம் வீட்டில் சேவல் வளர்க்கவில்லை, அம்மாவுக்குக் கண் ஏலாது என்று சாட்டுச் சொன்னேன். காக்காவை வீதியில் கண்டால் ஒரு சிரிப்பு, மகன் வாறானா என்று அவர் கேட்பார், இல்லை காக்கா என்பேன், அவ்வளவுதான். அன்றைக்கும் அவர் ஒரு சில்லுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். "காத்தும் போகல்ல, ஒண்டும் போகல்ல. என்னத்துக்கு மாஸ்டர் உருட்டிட்டு வாறீங்க?" என்றார். நான் அங்கே கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொன்னேன். "காக்கா, அந்த வருசம் மகன்ட கையில குடுத்தனுப்பின கறி நீங்க அறுத்ததும் இல்ல, சந்தையில அறுத்ததும் இல்ல. நான் அறுத்தன். உங்களுக்கு ஆகாது எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினன்."

அவர் சில்லைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"இருபத்துநாலாந் தேதி காலம்பற உங்கட சேவல் நாலும் கூவிச்சு. பகலைக்குச் சத்தமில்ல. சந்தையில அறுத்த எண்டு புள்ள சொல்றான். அண்டைக்கு ஏது மாஸ்டர் சந்தை? ஊரே பூட்டுத்தானே. புள்ளட முகத்தப் பாத்தன், அவனுக்கு ஒண்ணும் தெரியா. அவனப் பொய்க்காரனாக்கி என்னத்துக்கு எண்டுதான் சிரிச்சு வாங்கின."

"அப்ப நீங்க தின்னல்லியா?"

"இல்ல. ஆசியா தென்னையடியில குழி தோண்டித் தாட்டுட்டா."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். காக்கா சில்லைக் கீழே வைத்தார். "பொறுங்க மாஸ்டர். நீங்க சொல்லிட்டீங்க, நானும் சொல்லிப்போடுறன். ஹறாம் எண்டு மட்டும் அத மண்ணுக்குள்ள போடல்ல. நஞ்சு கலந்திரிப்பீங்களோ எண்டு பயந்தன்."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது மகன். இருபது வருடம் அயல், சூறாவளிக்கு ஒரே கூரை, இந்த மனிதர் என்னை அப்படி நினைத்தாரா என்று எழும்பிவிட்டேன். எழும்பிய பிறகுதான், அவர் தொழுகையில் நின்ற நேரம் பார்த்து முட்கம்பி அடித்தவன் நான் என்பது ஞாபகம் வந்தது. திரும்ப உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்குக் காலம்பற கத்தியத் தீட்டி வெச்சிட்டு பகல் லுஹர் தொழுகை வரைக்கும் உங்களப் பாத்துட்டு இரிந்தன். வேலியடிக்கு வந்து ஒரு சத்தம் குடுத்தா நீங்க வந்திரிப்பீங்க. கத்தியோட என்ன வேலியில கண்டா மாஸ்டர் என்ன நினைப்பாரோ எண்டு பயந்து வரல்ல."

நாங்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. இரண்டு கிழவர்களுக்கும் ஒருவரையொருவர் பார்க்க வெட்கம். அவர் என் சைக்கிளின் குறையாத டயருக்குக் காற்று அடித்தார். மகன் வருகிறானா என்று வழக்கம்போலக் கேட்டார். அவன் வரக் கேட்கிறான், நான்தான் ஒவ்வொரு வருடமும் மறிக்கிறேன் என்றேன். இதை அவருக்குச் சொன்ன பிறகு உன் அம்மாவுக்குச் சொல்லாமல் வீட்டில் இருக்க முடியாது என்று விளங்கியது.

சொன்னேன். கறியையும் சொன்னேன், கடிதங்களையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பின் வளவில் இருந்தாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாடு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், கதைக்கவில்லை. நீ தை மாதம் கல்யாணம் முடிக்கப் போகிறவன். உன் மனைவியைப் பயத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவளிடம் ஒன்றையும் மறைக்காதே. பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. வெட்கமாகத்தான் இருக்கும், சொல்லிவிடு. நான் உனக்குப் புத்திமதி சொல்லத் தகுதியுள்ள ஆள் இல்லை, ஆனாலும் இந்த ஒன்றை நான் விலை கொடுத்துப் படித்திருக்கிறேன்.

பாதையைப் பற்றி இந்த முறை உள்ளதை எழுதுகிறேன். அம்பாறை தாண்டியதும் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள். இடைக்கிடை மூன்றாவது இடத்திலும். போன மாதம் இரண்டு பெடியன்களைப் பிடித்து வைத்து, ஒருவனை மறுநாள் விட்டார்கள், மற்றவனைப் பற்றித் தகவல் இல்லை. நாளுக்கொரு உடுப்பில் துவக்கோடு நிற்கிறார்கள், யார் எவரென்று எனக்கே பிடிபடவில்லை. அடையாள அட்டையோடு அச்சக முதலாளியிடம் ஒரு கடிதமும் வாங்கி வை. முந்தின நாள் அம்பாறையில் தங்காதே. பகல் வெளிச்சத்தில் வந்து இறங்குகிற பஸ்ஸைப் பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இதெல்லாம் உண்மை, உன்னை மறிக்கக் கூட்டி எழுதவில்லை, உன்னை வரவைக்கக் குறைத்து எழுதவும் இல்லை.

இனி உன் கேள்விக்குப் பதில். வா, மகன். எழுதிவிட்டேன். நீ வந்து இறங்கும் வரைக்கும் நான் செத்துச் செத்துப் பிழைப்பேன். காலையிலிருந்தே பஸ் நிலையத்தில் நிற்பேன். இந்த முறை நிமிர்ந்து, நீ இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கடிதத்தை இதோடு முடித்து ஒட்டப் பார்த்தேன். அம்மா மூன்று நாளைக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறந்தாள். "பேனைய எடுங்க" என்றாள். எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் என்னைத் திரும்ப வாசிக்க வைத்தாள். கீழே இருப்பது அவள் சொன்னது, ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"மகன், நான் அம்மா கதைக்கிறன். எழுதுறது அப்பா. மூணு வருசமும் உன்ன வா எண்டுதான் நான் சொன்னன், அது உனக்கு வந்து சேரல்ல. வாறதும் வராததும் இப்ப உன்ட எண்ணம். பாதைக்கு எனக்கும் பயந்தான். வந்தா முகத்தக் கிட்டக் கொண்டு வா, தூரத்தில எனக்குத் தெரியா. நீ கட்டப்போற அந்தப் புள்ளைக்கு என்ட அன்பச் சொல்லு. இன்னும் ஒண்டு இரிக்கு மகன். பெத்த தாயப் பாக்க இவனுக்கு ரெண்டு நாள் கிடைக்கல்லியாக்கும் எண்டு நான் உன்னில சரியாக் கோவிச்சுட்டு இருந்தன். போன நத்தாருக்குச் செபத்தில எல்லாற்ற பேரையும் சொல்லி, உன்ட பேர மட்டும் வேணுமெண்டே விட்டன். அதுக்கு நீ அம்மாவ மன்னிச்சுக்கோ."